மருந்து மாறாது, அனுபானம் மாறும்!

"டாக்டர், மண்டலம் முறிஞ்சு போச்சு!"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. முகத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டு வந்தவர் போல இருந்தது.

விஷயம் இதுதான். அவருக்கு நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9-க்கு மேல் காட்டியது. ஆங்கில மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லி, கூடவே ஒரு சூரணமும், உணவு முறையும், தினம் அரை மணி நேர நடையும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அம்மாவும் சிரத்தையாகத்தான் ஆரம்பித்தார். 22 நாள் பிசகாமல் நடந்தது. 23-ம் நாள் நாத்தனார் மகளுக்குச் சீமந்தம். பந்தியில் உட்கார வைத்து, "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று பாதுஷாவையும் பாயசத்தையும் இலையில் வைத்துவிட்டார்கள். இவரும் மறுக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டார். மறுநாள் அலுப்பு, நடக்கப் போகவில்லை. மூன்றாம் நாள் மனசு சொன்னது: "அதான் முறிஞ்சு போச்சே, இனிமே எதுக்கு?" அவ்வளவுதான்! நடை போச்சு, உணவு முறை போச்சு, சூரண டப்பா அலமாரியின் மேல் தட்டுக்குப் போச்சு. இரண்டு மாதம் கழித்துத்தான் என்னிடம் வருகிறார்.

"ஆடி முடியட்டும் டாக்டர். ஆவணியில ஒரு நல்ல நாள் பார்த்து, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுடறேன்."

நான் கேட்டேன்: "ஏம்மா, பட்டுப் புடவையில முள் மாட்டி ஒரு இடத்துல கிழிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? தைச்சுக் கட்டுவீங்களா, இல்லே அதான் கிழிஞ்சு போச்சேன்னு மிச்சத்தையும் கிழிச்சுப் போட்டுடுவீங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். ஆனால் அவர் செய்தது அதைத்தான். ஒரு பாதுஷா செய்த கெடுதல் கொஞ்சம். அந்தப் பாதுஷாவைச் சாக்காக வைத்து விட்டுப் போன இரண்டு மாதம் செய்த கெடுதல்தான் அதிகம்.

இரும்பு மனிதரின் கதை

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "சர்க்கரை இனி என் நாக்கில் படாது" என்று குலதெய்வம் கோயிலில் சத்தியம் செய்தவர். சொன்னால் சொன்னதுதான். மூன்று வருஷமாகக் காபியில்கூடச் சர்க்கரை கிடையாது. நல்ல விஷயம்தானே!

ஒரு நாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நடந்துவிட்டு வந்து டிபன் சாப்பிடலாம் என்று கிளம்பினார். வழியில் பழைய மாணவர் ஒருவர் கிடைக்க, பேச்சு சுவாரஸ்யத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. அவர் மனைவி விவரமானவர். ஓடிப் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். நம்மவரோ டம்ளரைத் தள்ளிவிட்டார். "சத்தியம் பண்ணியிருக்கேன், வேண்டாம்!"

நல்லவேளை, மகன் வீட்டில் இருந்தார். அவருக்கு இன்னும் முழு நினைவு இருந்ததால், அதட்டிப் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

இதை என்னிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? பெருமையாக! "அந்த நிலைமையிலயும் நான் வாயைத் திறக்கலை டாக்டர்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஐயா, அது வைராக்கியமில்லை. சர்க்கரை குறைஞ்ச மூளை செய்த கலாட்டா. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வலிப்போ மயக்கமோ வந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

(சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போனால் அது தாழ்நிலைச் சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம், காரணமில்லாத கோபம் எல்லாம் வரலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சரியானதும் உணவு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே மருத்துவமனைதான்.)

இரண்டு பேர் செய்ததும் ஒரே தப்பு

ஒருவர் ஒரே நாளில் எல்லாவற்றையும் கைவிட்டார். இன்னொருவர் உயிர் போகும் நேரத்திலும் விட மறுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் பலவீனமானவர், இன்னொருவர் உறுதியானவர். ஆனால் யோசித்துப் பாருங்கள். இருவரும் செய்தது ஒரே தவறு. எடுத்த முடிவு எது, அதை நிறைவேற்றப் போட்டுக்கொண்ட விதி எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

"என் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வேன்" என்பது முடிவு. "48 நாள் இடைவிடாமல்", "சர்க்கரை நாக்கில் படாது" என்பவை அந்த முடிவுக்குப் போட்ட வேலி. பயிரைக் காக்கத்தான் வேலி. வேலியில் ஒரு குச்சி சாய்ந்துவிட்டது என்று அந்த அம்மா பயிரையே விட்டுவிட்டார். தலைமையாசிரியரோ வேலியைக் காப்பாற்றப் பயிரைக் காயவிடப் பார்த்தார்.

பேராசிரியர் சொன்ன பாடம்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலம். எங்கள் பேராசிரியர் ஒருவர் புற நோயாளிகள் பிரிவில் ஒரே சூரணத்தை இரண்டு பேருக்கு எழுதினார். ஒருவரைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். அடுத்தவரை நெய்யில் சாப்பிடச் சொன்னார். மூன்றாவதாக வந்தவருக்குச் சர்க்கரை நோய். அவரை வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்லிவிட்டார்.

எனக்குக் குழப்பம். "சார், நூல்ல தேன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

பேராசிரியர் சிரித்தார். "தம்பி, முதல் ஆளுக்குக் கபம், தேன் சரி. ரெண்டாவது ஆளுக்குப் பித்தம், நெய் வேணும். மூணாவது ஆளுக்குத் தேன் கொடுத்தா நாளைக்கு உன்னைத் தேடி வந்து சண்டை போடுவார். மருந்து மாறலை பார்த்தியா? மருந்தைக் கூட்டிட்டுப் போற ஆளைத்தான் மாத்தினேன்."

அந்தக் கூட்டிக்கொண்டு போகும் பொருளுக்குத்தான் சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று பெயர். தேன், நெய், பால், வெந்நீர், வெற்றிலைச் சாறு என்று ஆளுக்கும் நோய்க்கும் ஏற்ப அனுபானம் மாறும். தேன் கிடைக்கவில்லை என்று மருந்தையே நிறுத்திவிடும் வைத்தியரும் கிடையாது. நூலில் இருக்கிறதே என்று சர்க்கரை நோயாளிக்குக் கிண்ணம் கிண்ணமாகத் தேன் கொடுக்கும் வைத்தியரும் கிடையாது.

பத்தியத்திலும் அப்படித்தான். ஒரேயடியாக எல்லா நோய்க்கும் ஒரே கட்டுப்பாட்டை நம் முன்னோர் போடவில்லை. சில மருந்துகளுக்கு இச்சா பத்தியம், அதாவது ஒத்துக்கொள்ளாத சிலவற்றை மட்டும் விலக்கினால் போதும். சில வீரியமான மருந்துகளுக்குக் கடும் பத்தியம். அதில் உப்பு, புளிகூடக் கிடையாது. எங்கே இளக்கலாம், எங்கே இளக்கவே கூடாது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

நம் வாழ்க்கை முடிவுகளும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. முடிவுதான் மருந்து. செய்யும் வழி அனுபானம். தடங்கல் வந்தால் அனுபானத்தை மாற்றுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்!

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும்?

"ஒரு நாள் விட்டா முதல்லேருந்து எண்ணணுமா டாக்டர்?" இதைக் கேட்காதவர் குறைவு. விரதத்தில் அப்படி ஒரு கணக்கு இருக்கலாம். பழக்கத்தில் கிடையாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009-ல் வெளியிட்டார்கள். தினம் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் செய்தார்கள். அது தானாக நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்: சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நமக்கு வேண்டிய விஷயம் இதில் இன்னொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை!

ஆகவே தவறிய நாளை நினைத்து அழாதீர்கள். அடுத்த நாளைத் தவற விடாதீர்கள். ஒரு நாள் விட்டால் அது விபத்து. இரண்டாம் நாளும் விட்டால், புதுப் பழக்கம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

கேட்பது உடம்பா, நாக்கா?

"அப்போ ஜாலிதான் டாக்டர், அனுபானத்தை மாத்திட்டேன்னு சொல்லி ஜிலேபி சாப்பிடலாமே!" என்று சிலர் கிளம்புவார்கள். எனக்குத் தெரியும்! அதற்காகத்தான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி: மாற்றம் கேட்பது யார்? முழங்கால் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, வெளியே மழை கொட்டுகிறது என்றால் கேட்பது உடம்பும் சூழ்நிலையும். அதற்கு இணங்குங்கள். "பக்கத்து வீட்டு நெய் வாசனை வருகிறது, போர்வை கதகதப்பாக இருக்கிறது" என்றால் கேட்பது நாக்கும் சோம்பலும். அதற்கு இணங்காதீர்கள்.

இரண்டாம் கேள்வி: விட்டதற்குப் பதில் என்ன வைத்தேன்? காலை நடை முடியவில்லை, மாலையில் நடக்கிறேன் என்றால் அது வளைந்து கொடுப்பது. காலை நடை முடியவில்லை, அவ்வளவுதான் என்றால் அது சாக்கு. பதில் இருந்தால் அனுபானம் மாறியிருக்கிறது. பதில் இல்லையென்றால் மருந்தே நின்றுவிட்டது.

இதில் நேர்மை முக்கியம். காந்திஜி 1912-ல் பால் அருந்துவதில்லை என்று விரதம் எடுத்தார். 1918-ல் கேடா மாவட்டத்தில் அலைந்துகொண்டிருந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்த படுக்கையானார். மாதங்கள் ஓடியும் உடம்பு தேறவில்லை. பால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். அப்போது கஸ்தூரிபாதான், விரதம் எடுத்தபோது பசும்பாலும் எருமைப்பாலும்தானே மனதில் இருந்தது, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னார். காந்திஜி குடித்தார், பிழைத்தார். ஆனால் விரதத்தின் சொல்லைக் காப்பாற்றினேனே தவிர அதன் உள்ளர்த்தத்தைக் காப்பாற்றவில்லை என்று தன் சுயசரிதையில் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். நாமும் வளைய வேண்டிய நேரத்தில் வளைவோம். வளைந்தோம் என்பதை மட்டும் நமக்கு நாமே மறைக்க வேண்டாம்.

மழைக்கு முன்பே குடை

தடங்கல் வந்த பிறகு யோசித்தால் மனசு சுலபமான வழியைத்தான் சொல்லும். ஆகவே "இப்படி வந்தால் இப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்து, ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். என் நோயாளிகளுக்கு நான் எழுதிக் கொடுப்பது இது:

மழை வந்தால்: ஐப்பசி, கார்த்திகையில் பார்க் பக்கம் போக முடியாது. ஹாலிலேயே எட்டு போட்டு நடக்கலாம். பத்துக்குப் பதினைந்து அடி இடம் போதும். பாதி நேரம் ஒரு பக்கம், பாதி நேரம் எதிர்ப்பக்கம். தலைசுற்றல் உள்ளவர்கள் எட்டு போடாமல் நேராகவே நடங்கள். 2020-ல் ஊரடங்கு வந்து பார்க்கெல்லாம் மூடியபோது, மொட்டை மாடியில் நடந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்கள் என்னிடம் வருபவர்களில் உண்டு.

நேரம் இல்லையென்றால்: அரை மணி சேர்ந்தாற்போலக் கிடைக்காத இல்லத்தரசிகள் அதைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்றாகப் பிரிக்கலாம். சாப்பிட்ட பிறகு நடக்கும் பத்து நிமிடம் சர்க்கரைக்கு ரொம்பவே நல்லது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கு வாரத்துக்குத்தான். செவ்வாயில் விட்டதைச் சனிக்கிழமை ஈடுகட்டலாம்.

கல்யாண வீட்டுக்குப் போனால்: முதலில் பொரியல், கூட்டு, அவியல். அப்புறம் கொஞ்சம் சாதம். இனிப்பை மறுக்கவே முடியாவிட்டால் ஒரு வாய், அதோடு சரி. கை கழுவியதும் பந்தலை ஒரு பத்து நிமிடம் சுற்றி வாருங்கள். பகலில் விருந்து சாப்பிட்டோமே என்று இரவில் பட்டினி கிடக்காதீர்கள். மாத்திரை போடுபவர்களுக்கு அது ஆபத்து.

முழங்கால் வலித்தால்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. வலி குறைந்ததும் நடைக்குத் திரும்புங்கள். வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால்: நடக்கவே வேண்டாம். அன்றைக்கு ஓய்வுதான் உங்கள் மருந்து. ஆனால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். வாந்தியோ, சாப்பிட முடியாத நிலையோ இருந்தால் மாத்திரையையும் இன்சுலினையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

வளையவே கூடாத இடங்கள்

எல்லாவற்றிலும் வளைந்து கொடுக்க முடியாது. பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து - இவற்றில் "இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன" என்பது கிடையாது. மாற்றம் எதுவானாலும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடும் பத்தியம் சொன்ன மருந்துக்கும் அதேதான்.

குடி, புகை இரண்டிலும் "மாசத்துக்கு ஒரு நாள்" என்று முன்கூட்டியே சலுகை எழுதிக்கொள்ளாதீர்கள். அது வேலியில் நீங்களே வைக்கும் வாசல். தப்பித் தவறி ஒரு நாள் சறுக்கிவிட்டால் மட்டும், "எல்லாம் போச்சு" என்று படுத்துவிடாமல் அன்றைக்கே எழுந்துவிடுங்கள். பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர்கள் நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

விருந்துக்கு வந்தவரிடம் "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று இலையில் வைக்காதீர்கள். அன்பைக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது. அதேபோல, ஒரு நாள் தவறியவரிடம், "எனக்கு அன்னிக்கே தெரியும், உங்களால முடியாதுன்னு" என்றும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் பத்து பாதுஷாவுக்குச் சமம்! "சரி, நாளைக்கு நானும் கூட வரேன், நடக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? ஆவணிவரை காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே ஆரம்பியுங்கள், 24-ம் நாளிலிருந்து எண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தினசரி காலண்டர் தாளில் நடந்த நாளுக்கு டிக், தவறிய நாளுக்கு வட்டம் போடச் சொன்னேன். மூன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார். எச்பிஏ1சி 7.4. மாத்திரையும் வேலை செய்திருக்கிறது, உணவும் நடையும் வேலை செய்திருக்கின்றன.

காலண்டர் தாள்களையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். பதினோரு வட்டம் இருந்தது.

"பதினோரு நாள் தவறிட்டேன் டாக்டர்" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

"பதினோரு தடவை திரும்பி வந்திருக்கீங்கம்மா" என்றேன்.

நீங்களும் ஏதாவது ஒரு நல்ல முடிவை எடுத்துவிட்டு, பாதியில் விட்டு வைத்திருக்கிறீர்களா? நல்ல நாள் பார்க்க வேண்டாம். அலமாரியின் மேல் தட்டிலிருந்து அதை இன்றைக்கே இறக்குங்கள். அனுபானம் மட்டும் உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள்!